புரட்டாசி எண்ணெய்

மீலி மாவு இரண்டு கோப்பை.
(இங்கே மக்காச்சோளத்துக்கு அதுதான் பெயர்.)
அப்பாவின் கையெழுத்தில் அந்த ஒரு வரிதான் பிழைத்திருக்கிறது.
மீதியெல்லாம் தண்ணீர் பில்லின் முதுகில்
எண்ணெய் குடித்துக் கிடக்கிறது:
வெங்காயத்துக்கு ஒரு ‘வெ’,
அமாசித் தயிருக்கு ஒரு வட்டம்,
சோம்புக்கு நேரே அளவில்லை, ஒரு கோடு,
கடைசியில் ‘பதம் பார்த்து’.
யாருடைய பதம், எதைப் பார்த்து என்று
சொல்லாமலே இறங்கிப் போய்விட்டார்
முப்பது வருடம் பஸ் ஓட்டியவர்.

புரட்டாசி முதல் சனி.
சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெரு முழுக்க
மீன்சட்டிகள் பரணேறியிருந்தன.
அம்மா இலையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:
“விரதத்துக்கு அப்பா உருண்டை போடுவாரே,
அடுத்த சனிக்கு உனக்கு வருமா?”

வரும் என்றேன்.

முதல் ஈடு கல்.
இரண்டாவதில் அமாசி கூடிவிட்டது;
எண்ணெயில் விழுந்ததும் பாகப்பிரிவினை மாதிரி
ஆளுக்கொரு பக்கம் போனது.
மூன்றாவது பாதி வெந்திருக்கையில் மின்வெட்டு.
இருட்டில் வாணலி மட்டும் கொஞ்ச நேரம்
முணுமுணுத்துவிட்டு அடங்கியது.

பெர்த்திலிருந்து கோகிலம் போனில்:
“சோடா உப்பு போட்டியா?”
போட்டேன்.
“மாவை ஊறவிட்டியா?”
விட்டேன்.
“அப்போ உன் கைதான்” என்றாள்,
கடலுக்கு அந்தப் பக்கமிருந்து
என் கையை நேரில் பார்த்த மாதிரி.

பக்கத்து வீட்டு ரெக்ஸ்
வேலியோரம் விடாமல் குரைத்தது.
அப்பா இருந்தவரை முதல் உருண்டை அதற்குத்தான்.
வாயடைக்க லஞ்சம் என்பார்.
நான் எறிந்ததை முகர்ந்துவிட்டு
விட்ட இடத்திலிருந்து குரைக்கப் போனது.

ஆறாம் நாள் சிங்க்கின் அடியில்
ப்ளீச் பாட்டிலுக்குப் பின்னால்
ஒரு சிரப் டின்.
ஸ்பூன் காம்பால் மூடியை நெம்பினேன்.
தேன் நிறத்தில் எண்ணெய், அடியில் கருந்தூள்.
கண்ணுக்கு முன்னால் மூக்கு படித்துவிட்டது:
ஷேட் மீன்.

பிளஃப் பாறையில் விடியலுக்கு முன் நின்று
அவர் தூண்டிலில் இழுத்த ஷேட்,
மஞ்சளும் மிளகாயும் தடவி
அவரே பொரித்த ஷேட்.
எண்ணெய் விற்கிற விலைக்கு
யார் கொட்டுவார்கள் என்று
வடிகட்டி, மூடி வைத்திருக்கிறார்.

அந்த எண்ணெயில்தான் ஐயா
எங்கள் வீட்டுப் புரட்டாசி
இத்தனை வருடம் பொரிந்தது.

குளித்து, ஈரத்தலையோடு,
கோவிந்தா சொல்லி,
அம்மா முதல் வாய் எடுத்துவைத்தது அதைத்தான்.
கறிக்கரண்டியைத் துணியில் சுற்றி
மாதம் முழுக்க மேல்தட்டில் கட்டி வைக்கிற அம்மா.

அவருக்குத் தெரிந்திருக்குமா?
தெரியாமலா ப்ளீச்சுக்குப் பின்னால் வைத்தார்?
ஒருவேளை எண்ணெய் எண்ணெய்தானே என்று
நினைத்திருக்கலாம்.
இரண்டு பதிலையும் மாற்றி மாற்றி
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

சனிக்கிழமை புது எண்ணெய்ப் பாட்டிலை உடைத்தேன்.
நல்ல நிறம். விண்டால் ஆவி வந்தது.
அம்மா ஒன்றை முழுதும் மென்றாள்,
இன்னொன்றைக் கடித்துப் பாதியில் வைத்தாள்.
“நல்லாத்தான் இருக்கு.
ஆனா அவர் சாமிய நெனச்சிக்கிட்டே செய்வார்.
அந்த ருசி வேற.”

ஆமாம்மா என்றேன்.

அவள் தூங்கியபின்
பின்கதவைச் சாத்திவிட்டு டின்னை எடுத்தேன்.
எண்ணெயில் லேசாகச் சிக்கு வாடை ஏறியிருந்தது.
ஆனாலும்.
மிச்ச மாவில் நாலே நாலு உருட்டிப் போட்டேன்.

வேலிக்கு அந்தப் பக்கம்
ரெக்ஸ் எழுந்து நின்றது.
குரைக்கவில்லை.

ஒன்று அதற்கு.
இரண்டு எனக்கு, விரதம் கெட்ட வாய்க்கு.
நாலாவது தட்டில் ஆறிக்கொண்டிருந்தது,
யார் பங்கு என்று முடிவாகாமல்.